ஊருக்குப் புதுசா, தனியா, பிள்ளையோட: அந்த வீட்டுக்கு நீங்கள் போகும்போது

முதல் நாள் போகும்போது படிவத்தைப் பையிலிருந்து எடுக்காதீர்கள். குறைந்தது அரை மணி நேரத்துக்காவது. இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம், நான் எடுத்துக் கெடுத்தவள். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு வீட்டுக்குப் போய்ப் பாயில் உட்கார்ந்த உடனே எட்டுப் பக்கப் படிவத்தை விரித்து, கணவர் பெயர், குடிப்பாரா, அடிப்பாரா, கடன் எவ்வளவு, யார் யாரிடம், நகை எங்கே அடகில் இருக்கிறது என்று வரிசையாகக் கேட்டேன். அந்தப் பெண்ணும் பரீட்சையில் பதில் எழுதுகிற மாதிரி ஒவ்வொன்றுக்கும் சொல்லி முடித்தார். அடுத்த வாரம் போனால் உள்ளே டிவி ஓடுகிறது, கதவு திறக்கவில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து, தன் வாழ்க்கையில் எதெல்லாம் இல்லை என்று அவர் வாயாலேயே பட்டியல் போடவைத்துவிட்டு, "மறுபடி வர்றேன்மா" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். யார் கதவைத் திறப்பார்கள்?

சமூகப்பணி படித்துக்கொண்டே களப்பணிக்குப் போகிறவர்களுக்கும், புதிதாக வேலையில் சேர்ந்து 'ஒற்றைப் பெற்றோர் குடும்பம்' என்று எழுதிய ஃபைலைக் கையில் வாங்கியிருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். மதுரைக்கு இப்படி வந்து இறங்குகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை. கமுதி, சாயல்குடிப் பக்கமிருந்து பிழைப்பில்லாமல் வருகிறவர் உண்டு. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்துவிட்டு, புருஷனோடு ஒத்துவராமல், அம்மா ஊருக்குப் போகவும் முகமில்லாமல் நடுவில் மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிட்டவர் உண்டு. ஆனையூர், உச்சப்பட்டி முகாம்களில் பிள்ளைகளோடு தனியாக இருக்கும் இலங்கைத் தமிழ்ப் பெண்கள் உண்டு. பொதுவாக இருப்பது ஒன்றுதான், இந்த ஊரில் இவர்களுக்கு ஜாமீன் சொல்ல ஆள் இல்லை. வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் முதல் கேள்வியே "வீட்டுக்காரர் எங்கம்மா?" என்பதுதான். நம்ம ஊரில் வீட்டுக்காரர் என்றால் புருஷன், வீட்டுக்குச் சொந்தக்காரர் ஹவுஸ் ஓனர். புருஷன் இல்லாவிட்டால் வீடும் கிடையாது என்பதை இந்த ஒரு சொல்லிலேயே முடித்துவிட்டோம்.

இவர்களோடு எப்படி வேலை செய்வது என்பதை வகுப்பில் இரண்டு பாடமாக நடத்துவார்கள். மனிதர்களின் பலத்திலிருந்து தொடங்கி வேலை செய்வது ஒன்று, இது 1980களில் அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் டெனிஸ் சலீபி போன்றவர்கள் வளர்த்தது. பிரச்சினையைத் தோண்டாமல் தீர்வைப் பற்றிப் பேசுவது இன்னொன்று, மில்வாக்கி நகரில் ஸ்டீவ் டி ஷேசரும் இன்சூ கிம் பெர்கும் 1978இல் தொடங்கிய மையத்தில் உருவானது. இன்சூ கிம் பெர்க் கொரியாவில் பிறந்து 1957இல் அமெரிக்கா போனவர். அதாவது அந்த அம்மாவே ஒரு காலத்தில் ஊருக்குப் புதுசாக வந்து இறங்கியவர்தான். பாடத்தில் இதை யாரும் சொல்லவில்லை, பின்னால் தெரிந்தபோது எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது. கோட்பாடு இவ்வளவு போதும். முறை முழுக்கக் கேள்விகளில்தான் இருக்கிறது, அந்தக் கேள்விகளை இங்கிலீஷிலிருந்து அப்படியே தமிழாக்கிக் கேட்டால் எதிரில் இருப்பவர் முழிப்பார்.

முதலில் கூப்பிடும் விதம். வயதில் சின்னவராக இருந்தாலும் 'நீங்க' தான். போகிற ஆபீஸ் எல்லாவற்றிலும் "ஏம்மா, நீ அங்கிட்டுப் போய் நில்லு" என்பதைக் கேட்டுக்கேட்டுக் காது புளித்துப்போனவர் அவர். ஒருவர் வந்து உட்கார்ந்து "சொல்லுங்கம்மா, சாப்டீங்களா" என்றால் அதுவே வேலையின் ஆரம்பம். அவர் உங்களை "மேடம்" என்பார், மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள், நாலாவது தடவை தானாக "அக்கா" ஆகிவிடும். அப்படி ஆகிற நாளை நான் மனதுக்குள் குறித்துவைத்துக்கொள்வேன்.

அடுத்தது எங்கே பேசுவது. காம்பவுண்டு வீட்டில் சுவருக்கு மட்டுமில்லை, குழாயடிக்கும் காது உண்டு. வாசலில் நின்று "உங்க கணவர் விஷயமா..." என்று ஆரம்பித்தால் சாயங்காலத்துக்குள் எட்டு வீட்டுக்கும் தெரிந்துவிடும், மறுநாளிலிருந்து அந்தப் பெண்ணை எல்லாரும் பாவம் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். எனக்குத் தெரிந்து ஆக நல்ல இடம் டவுன் பஸ். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம், ஆக இரண்டு பேருக்கும் செலவில்லை. வில்லாபுரத்தில் ஏறிப் பெரியார் பஸ் ஸ்டாண்ட் போய், மாறி, கலெக்டர் ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் முக்கால் மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பீர்கள், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, இரைச்சலில் யாருக்கும் கேட்காது, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே அவர் சொல்கிற விஷயங்களைப் பாயில் எதிரெதிரே உட்கார்ந்தால் சொல்லவே மாட்டார். ஆண் சமூகப்பணியாளர்களுக்கு இது சரிப்படாது. நீங்கள் போகிற வீட்டுக்கு ஒரு பெண் பணியாளரோ அங்கன்வாடி அக்காவோ கூட வந்தால்தான் அந்தப் பெண்ணுக்கும் நல்லது.

இனி கேள்விகள்.

"உங்க பலம் என்ன?" என்று கேட்காதீர்கள். "என்கிட்ட என்னக்கா இருக்கு" என்றுதான் பதில் வரும், கேட்ட நமக்கும் சங்கடம். தமிழில் இதற்கு ஒரு சொல் ஏற்கெனவே இருக்கிறது, 'சமாளிக்கிறது'. நம் பெண்கள் தங்களைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒத்துக்கொள்ளும் ஒரே வினைச்சொல் அதுதான் என்று நினைக்கிறேன். "பிள்ளையையும் தூக்கிக்கிட்டு ரெண்டு பையோட வந்து இறங்குனீங்களே, அன்னைக்கு ராத்திரி எப்படிச் சமாளிச்சீங்க?" இதைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள்.

ஒருவரைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமலிருக்க ஊர், வயது, பிள்ளை விவரம் எல்லாம் மாற்றியிருக்கிறேன், இரண்டு மூன்று பேர் கதை கலந்தும் இருக்கிறது. கமுதிப் பக்கம், வயது இருபத்தேழு, ஆறு வயதில் ஒரு பெண் பிள்ளை. மதுரைக்கு வந்து எட்டு மாதம். படிவத்தில் 'தொழில்' என்ற இடத்தில் என் முன்னால் போனவர் 'இல்லை' என்று எழுதியிருந்தார். நான் சமாளித்த கதையைக் கேட்டபோது, அப்பா இறந்த பிறகு பத்து வருஷம் கரிமூட்டம் போட்டவர் என்று தெரிந்தது. சீமைக்கருவேல மரத்தை வெட்டி அடுக்கி, மேலே இலைதழை போட்டு, ஈரமண் பூசித் தீ வைத்துவிட்டு, நாள்கணக்கில் பக்கத்திலேயே படுத்துக் காவல் காக்க வேண்டும். மண்ணில் ஒரு விரிசல் விட்டால் காற்று உள்ளே போய் மொத்தமும் சாம்பலாகிவிடும். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து எந்தப் பக்கம் புகை வருகிறது என்று பார்த்து மண் அப்ப வேண்டும். மூட்டை எண்ணி, லாரிக்காரனிடம் விலை பேசி விற்றிருக்கிறார். இதுதான் 'தொழில்: இல்லை'.

(படிக்காத கூலிப் பெண் என்றால் திறமையில்லாதவர் என்று நினைப்பவர்கள் அழகர்கோவில் பக்கத்துச் சின்னப்பிள்ளை அம்மாவை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். களஞ்சியம் என்ற பெண்கள் சேமிப்புக் குழுக்களில் வளர்ந்தவர், விருது கொடுத்த மேடையில் பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார், 2019இல் பத்மஸ்ரீ. நம் படிவத்தில் அவருக்கும் 'கல்வித் தகுதி: இல்லை' தான்.)

அடுத்து, அற்புதக் கேள்வி. இன்சூ கிம் பெர்கிடம் ஒரு பெண் நொந்துபோய், "ஏதாவது அற்புதம் நடந்தாத்தான் உண்டு" என்று சொன்னதிலிருந்து பிறந்தது என்பார்கள். இன்று ராத்திரி நீங்கள் தூங்கும்போது ஓர் அற்புதம் நடந்து பிரச்சினை தீர்ந்துவிட்டது, காலையில் எதை வைத்துத் தெரிந்துகொள்வீர்கள் என்பது கேள்வி. மதுரையில் 'அற்புதம்' என்றால் ஜெபக்கூட்டப் போஸ்டர்தான் கண் முன்னால் வரும். ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன், அந்த அம்மா மெதுவாக "நீங்க சர்ச்சாக்கா?" என்றார். நான் இப்போது கேட்பது இது: "நாளைக்குக் காலைல எந்திரிக்கிறீங்க, மனசு கொஞ்சம் லேசா இருக்கு. முதல்ல என்ன செய்வீங்க? பாப்பா உங்க மூஞ்சியப் பாத்து எதை வச்சு, அம்மா இன்னைக்கு நல்லா இருக்குன்னு கண்டுபிடிக்கும்?" பிள்ளையின் கண் வழியாகக் கேட்பது முக்கியம். தனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் தடுமாறுகிறவர், பிள்ளை என்ன பார்க்கும் என்று கேட்டால் சட்டென்று சொல்லிவிடுவார். கரிமூட்டக்காரர் சொன்னது: "தலை சீவி விடும்போது பேசிக்கிட்டே சீவுவேன். இப்பல்லாம் பேசாமச் சீவிவிடுறேன்."

அதுதான் அவருடைய இலக்கு. என் மனதில் இருந்த இலக்கு ஜீவனாம்சம், ரேஷன் கார்டு, சுய உதவிக் குழுவில் சேர்ப்பது. அவருக்கு வேண்டியிருந்தது பேசிக்கொண்டே தலை சீவ முடிகிற ஒரு காலை. ஃபைலில் அதை எழுத இடமில்லை என்று மேலதிகாரி சொல்வார். பின்பக்கத்தில் எழுதிவையுங்கள்.

மதிப்பெண் கேள்வியும் அப்படித்தான். 0 என்றால் ரொம்ப மோசம், 10 என்றால் எல்லாம் சரி, இப்போ நீங்க எங்கே? சிலருக்கு எண் சரிப்படும். பள்ளிக்கூடத்தில் ஃபெயிலாகி நின்றவர்களுக்கு மார்க் என்றாலே பிடிக்காது, அவர்களிடம் மாடிப்படி, பூ முழம் என்று எதையாவது எடுத்துக்கொள்ளலாம், இல்லை அவர்களே ஒன்று எடுத்துத் தருவார்கள். இவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இப்பத்தேன் தீ வச்சிருக்கு, வெள்ளப் புகைதேன் வருது" என்றார். எனக்குப் புரியவில்லை. மூட்டத்தில் முதலில் வருவது ஈரம் போகிற வெள்ளைப் புகை, கடைசியில் புகை மெலிந்து நீலமாகத் தெரிந்தால் கரி ஆகிவிட்டது என்று அவர்தான் விளக்கினார். அன்றிலிருந்து எங்களுக்குள் எண்ணே கிடையாது. போனவுடன் "புகை என்ன கலர்?" என்பேன். "வெள்ளதேன்க்கா, ஆனா முன்ன மாதிரி கண்ணக் கரிக்கல." சரி, கரிக்காததுக்கு என்ன காரணம்? இதுதான் அடுத்த கேள்வி, ஏன் இன்னும் நீலமாகவில்லை என்பது இல்லை. ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டால் சாக்குதான் வரும், இதற்கும் கீழே போகாமல் இருப்பது எப்படி என்று கேட்டால் அவர் செய்துகொண்டிருக்கும் ஏதோ ஒன்று வெளியே வரும்.

விதிவிலக்கைத் தேடுவதுதான் என் அனுபவத்தில் ரொம்பப் பலன் தருவது. எந்தப் பிரச்சினையும் எல்லா நாளும் ஒரே கனத்தில் இருக்காது. இவருக்கு ஆகாத நேரம் சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு. இருட்டினால் நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கும், கதவைத் தாழ் போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்துவிடுவார், பிள்ளை நச்சரிக்கும், அடி விழும், பிறகு ரெண்டு பேரும் அழுவார்கள். "போன வாரத்துல எந்த நாளாவது சாயங்காலம் பரவாயில்லாம இருந்துச்சா?" என்று கேட்டேன். இல்லை என்றார். நான் விடவில்லை, கிழமை கிழமையாகப் போனோம். புதன்கிழமையில் நின்றார். "அன்னைக்குக் கரண்டு போச்சுக்கா."

கரண்ட் போன நாள் எப்படி நல்ல நாளாகும்? புழுக்கம் தாங்காமல் காம்பவுண்டே வெளியே வந்து உட்கார்ந்திருக்கிறது. இவரும் வேறு வழியில்லாமல் வெளியே வந்திருக்கிறார். எதிர் வீட்டுப் பாட்டி விசிறியைக் கொடுத்துவிட்டு "எந்த ஊரு ஆத்தா?" என்று கேட்டிருக்கிறார், எட்டு மாதத்தில் முதல் தடவையாக. பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு ஓடி விளையாடி அங்கேயே தூங்கிப்போயிருக்கிறது. அன்று அடி விழவில்லை. நான் ஆலோசனை ஒன்றும் சொல்லவில்லை, "அப்ப கரண்டு இருக்குற நாள்ல?" என்று மட்டும் கேட்டேன். அடுத்த வாரம் போனபோது பாயை வாசலில் போட்டுப் பிள்ளையின் வீட்டுப்பாட நோட்டை அங்கே வைத்து எழுத வைத்துக்கொண்டிருந்தார், ஐந்தரை மணிக்கே. மனநல ஆலோசகரிடம் அனுப்புவதற்கு நான் எழுதிவைத்திருந்த கடிதம் பையில் இருந்தது. அது வேண்டாம் என்று நான் முடிவு செய்யவில்லை, இரண்டு வாரம் தள்ளிவைத்தேன், அப்புறம் தேவைப்படவில்லை. எல்லாருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்லவரவில்லை.

பாராட்டுவதில் கவனம் வேண்டும். "சூப்பர்மா, நீங்க ரொம்ப ஸ்ட்ராங்" என்பதெல்லாம் பிள்ளைக்கு மிட்டாய் கொடுக்கிற மாதிரி. சிலருக்குக் கண் பட்டுவிடும் என்ற பயமும் வரும். கேள்வியாகவே பாராட்டுங்கள்: "பாயை வெளிய போடணும்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு?" இல்லையென்றால் அவர் காதில் விழுகிற மாதிரி பிள்ளையிடம் சொல்லுங்கள்.

இவ்வளவும் பேச்சு. ஆனால் பேச்சால் ரேஷன் அரிசி வராது. பலத்தைப் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, அரசு செய்ய வேண்டியதையும் அந்தப் பெண்ணின் தலையிலேயே கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், எனக்கு அதில் கோபம் உண்டு. காகித வேலையையும் சேர்த்துத்தான் செய்ய வேண்டும், ஒரே ஒரு நிபந்தனை, அவரைப் பின்னால் நிறுத்திவிட்டு நீங்கள் கவுன்ட்டரில் பேசாதீர்கள். அவர் பேசட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

பள்ளிக்கூடம்தான் முதலில். பழைய பள்ளியிலிருந்து டி.சி. வரவில்லை என்று பிள்ளையை வீட்டில் வைத்திருப்பார்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009இன்படி டி.சி. தாமதமாகிறது என்பதைக் காரணம் காட்டி எட்டாம் வகுப்பு வரை சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. அரசுத் தொடக்கப் பள்ளி என்றால் காலைச் சாப்பாடும் உண்டு. அந்தத் திட்டத்தையே 2022 செப்டம்பர் 15 அன்று நம்ம மதுரையில்தான் தொடங்கினார்கள். ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்புகிற அம்மாவுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர்களைக் கேட்டால் தெரியும்.

ரேஷன் கார்டு பெரிய தலைவலி. இவர் பெயரும் பிள்ளை பெயரும் மாமியார் வீட்டுக் கார்டில் இருக்கும். அங்கே நீக்காமல் இங்கே புதுக் கார்டு வராது. 2023 செப்டம்பரில் மாதம் 1000 ரூபாயாகத் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையும் ஒரு கார்டுக்கு ஒருவருக்குத்தான், மாமியார் வாங்கிக்கொண்டிருந்தால் இவருக்கு இல்லை. ஆகவே பெயர் நீக்கத்தை முதல் மாதமே ஆரம்பித்துவிடுங்கள்.

கணவனால் கைவிடப்பட்டோர் உதவித்தொகை 2023இல் 1200 ரூபாய் ஆனது. ஆனால் முப்பது வயது முடிந்திருக்க வேண்டும், பிரிந்து ஐந்து வருஷமாவது ஆகியிருக்க வேண்டும், அல்லது கோர்ட்டில் விவாகரத்தோ பிரிவோ பெற்றிருக்க வேண்டும். இருபத்தேழு வயதில் எட்டு மாதத்துக்கு முன் வந்தவருக்குக் கிடைக்காது. கிடைக்காது என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள், "பாக்கலாம்மா" என்று மூன்று முறை அலையவிடுவதைவிட அது மரியாதை. அப்புறம் அந்தச் சொல் இருக்கிறதே, 'கைவிடப்பட்டவர்'. "அவுக என்னக் கைவிடலக்கா, நாந்தேன் வந்துட்டேன்" என்று இவர் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. காகிதத்தில் அப்படித்தான் இருக்கும், அது ஆபீஸ் வார்த்தை, உங்களைப் பற்றி நீங்க சொல்றதுதான் நம்ம நோட்டுல இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் கொஞ்சம் தாங்கும்.

வழக்கு போட விரும்பினால் பழைய ஊருக்கு அலைய வேண்டியதில்லை. ஜீவனாம்சமும் சரி, குடும்ப வன்முறைச் சட்ட மனுவும் சரி, அவர் இப்போது இருக்கும் ஊரிலேயே போடலாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்க வேண்டும், தொலைபேசி 15100. போடுவதா வேண்டாமா என்பது அவர் முடிவு. இவர் வேண்டாம் என்றார். எனக்கு உடன்பாடில்லை, சொன்னேன், அதோடு நிறுத்திக்கொண்டேன்.

எப்போது இந்தக் கேள்விகளையெல்லாம் மூட்டை கட்டி வைக்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் அடுப்பு எரியவில்லையா, முதலில் அரிசி. பிள்ளைக்குக் காய்ச்சலா, முதலில் ஆஸ்பத்திரி. கணவர் தேடி வந்து மிரட்டுகிறார் என்றால் பெண்கள் உதவி எண் 181, பிள்ளைக்கு ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. "பிள்ளையோட எங்கிட்டாவது போய் விழுந்துரலாம்னு இருக்கு" என்று சொன்னால் அதைச் சும்மா வாய்வார்த்தை என்று விட்டுவிடாமல் நேராகக் கேளுங்கள், சாகணும்னு தோணுதாம்மா என்று. அன்று தனியாக விட்டுவிட்டு வராதீர்கள். மனநல உதவி எண் 14416இல் ராத்திரியும் ஆள் இருப்பார்கள். கீழே விழுந்து கிடப்பவரிடம் போய், கலர் என்ன, மார்க் எவ்வளவு என்று கேட்பது குரூரம்.

கரிமூட்டக்காரருக்கு வேலை எப்படிக் கிடைத்தது என்று கேட்பீர்கள். அதில் என் பங்கு ரொம்பக் குறைச்சல். வாசலில் பாய் போட்டு உட்கார ஆரம்பித்த பிறகு, கல்யாணச் சமையலுக்குப் போகிற பக்கத்து வீட்டு அக்காவுக்கு இவருக்கு விறகுத் தீயைக் கையாளத் தெரியும் என்பது தெரியவந்திருக்கிறது. பெரிய அண்டாவுக்கு அடியில் தீயைக் கூட்டவும் குறைக்கவும் தெரிந்த ஆள் இப்போது லேசில் கிடைப்பதில்லையாம். முகூர்த்த நாளில் வேலை, மற்ற நாளில் பூக் கட்டுவது. வருமானம் ஒழுங்காக வராது, ஆடி, மார்கழியில் ரொம்பக் கஷ்டம், அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கடைசியாக நான் போனது ஒரு வைகாசி மாதம். வீடு பூட்டியிருந்தது. எதிர் வீட்டுப் பாட்டி, "அவ திருமங்கலத்துக்குக் கல்யாண வேலைக்குப் போயிருக்கா, ராத்திரிதேன் வருவா, பிள்ள என் வீட்டுல தூங்குது" என்றார். எட்டிப் பார்த்தேன், தலை வாரிப் பூ வைத்திருந்தது. படிவத்தில் அதற்கென்று இருந்த கட்டம் 'பயனாளி வீட்டில் இல்லை' என்பதுதான். டிக் அடித்துவிட்டு பஸ் ஏறினேன்.